எந்தக் கோட்பாடு உங்களுடையது? சிராங்கூனில் ஆலோசகராகப் போகிறவருக்கு

ஆலோசகர் வேலைக்கான நேர்காணலில் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கலாம்: "எந்தக் கோட்பாட்டின் வழியில் வேலை செய்வீர்கள்?" "ஆளுக்குத் தக்கபடி எல்லாவற்றையும் கலந்து செய்வேன்" என்றால் எதிரே இருப்பவர் அடுத்த விண்ணப்பத்தைப் புரட்டத் தொடங்கிவிடுவார். கலப்பது குற்றமில்லை. எதை, எப்போது, எதற்காகக் கலக்கிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அர்னால்டு லாசரஸ் 1967லேயே இதற்கு வழி காட்டினார். உத்தியை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். அது பிறந்த கோட்பாட்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. அதாவது, வந்தவரைப் புரிந்துகொள்ளும் சட்டகம் ஒன்றே இருக்கட்டும், கருவிகள் பலவாக இருக்கட்டும். என் கட்சி, சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரத்தில் அந்தச் சட்டகம் குடும்ப அமைப்புக் கோட்பாடாக இருப்பது நல்லது. இங்கே தனியாக வருகிறவர் குறைவு. உடம்பு மட்டும்தான் தனியாக வரும்.

துவாஸ் விடுதியிலிருந்து வரும் புதுக்கோட்டைக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். "மனசு சரியில்லை" என்று அவர் ஆரம்பிக்க மாட்டார். "தூக்கம் வரலண்ணே, தலை கனமா இருக்கு" என்பார். ஏஜெண்டுக்குக் கட்டியது வட்டிக்கு வாங்கிய பணம். தங்கச்சி கல்யாணம் தையில். "நான் திரும்பிப் போனா வீடே முடிஞ்சுது" என்று சொல்லும்போது, ஆரன் பெக்கின் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையை (சிபிடி) படித்த புது ஆலோசகர் "அப்படி நினைக்க என்ன ஆதாரம்?" என்று கேட்பார். அது போலீஸ் விசாரணையாக ஒலிக்கும். ஆதாரமும் அவர் போனிலேயே இருக்கிறது, வட்டிக்காரர் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தியாக. கடன் பிழையான சிந்தனை இல்லை, கடன்தான்.

எனவே சிபிடியின் நடத்தைப் பாதியை மட்டும் எடுங்கள்: தூங்கும் நேரம், மூச்சு, ஓய்வு நாளில் என்ன செய்கிறார் என்பது. கடனை ஒரு தாளில் மாதவாரியாக அவர் கையாலேயே எழுத வையுங்கள். பக்கத்தில் குடும்ப வரைபடம்: யார் யார், யாருக்கு இந்தக் கடன் தெரியும், யாரிடம் மறைத்திருக்கிறார். பெரும்பாலும் அழுகை வருவது இந்த இரண்டாவது தாளில்தான். சம்பள பாக்கி என்றால் மனிதவள அமைச்சுப் பக்கம் வழிகாட்டுங்கள். 2009ல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. கஃப் ரோடு திட்டத்தின் வழியே 2008 முதல் இலவசச் சாப்பாடு கொடுத்துவரும் தொண்டு அமைப்பான டிடபிள்யூசி2 இருக்கிறது. இதெல்லாம் சமூக சேவகர் வேலை என்று ஒதுங்குகிறவர் வேறு வட்டாரம் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. வேலை பர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. கம்பெனி அனுப்பி வந்தவர் வாயே திறக்க மாட்டார். உங்கள் குறிப்பை யார் பார்ப்பார்கள், எதை மட்டும் வெளியே சொல்ல நேரும் என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் குற்றமில்லை. இதையும் சொல்லுங்கள், ஜெயிலுக்குப் பயந்து மறைப்பவர்கள் உண்டு. எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அவர் போனில் பதிந்து கொடுங்கள்.

ஆர்தர் கிளைன்மன் 1970களில் வகுத்த கேள்விகள் முதல் சந்திப்புக்கு அருமையானவை. 2013ல் வந்த மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5 நூலிலும் அதே மரபில் 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் உண்டு. எல்லாவற்றையும் ஒப்பிக்காதீர்கள், இரண்டு போதும்: "இது எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? ஊர்ல இருந்திருந்தா இதுக்கு என்ன பண்ணியிருப்பாங்க?" பதிலில் செய்வினை வரும், நேர்த்திக்கடன் வரும், வீரமாகாளியம்மன் வருவாள். சிரிக்காதீர்கள். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 நோயாளிகளை ரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். தனிச் சடங்கு ஏதுமின்றி, ஆதரவான சூழலில் தங்கியதிலேயே நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு 28 பேர் இறந்ததையும் மறக்க வேண்டாம். கோயிலுக்குப் போகட்டும், மாத்திரையை நிறுத்தாமல் போகட்டும்.

கார்ல் ரோஜர்ஸின் பொறுமையான கேட்டல் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் அறிவுரை சொல்லாமலே இருக்கும் பழக்கம் இங்கே எடுபடாது. "இவருக்கு ஒண்ணும் தெரியல போல" என்று அடுத்த வாரம் வரமாட்டார்கள். பஞ்சாபிக் கவிஞரும் மனநல மருத்துவருமான ஜஸ்வந்த் சிங் நெகி 1973லேயே குரு-சீடன் உறவை ஒரு சிகிச்சை மாதிரியாக முன்வைத்தார். தொடக்கத்தில் கொஞ்சம் வழிகாட்டுங்கள், பிறகு மெல்லப் பின்வாங்குங்கள்.

எதிர்த்திசைத் தவறும் நடக்கும். இங்கேயே பிறந்து, காதலுக்காக அப்பாவோடு ஆங்கிலத்தில் சண்டை போடும் பெண்ணிடம் "உன் வாழ்க்கை, உன் முடிவு" என்று நவீனமாகப் பேசிவிடுவோம். குடும்பத்தை வெட்டிக்கொண்டு போவது தன்னிலை பெறுவது ஆகாது என்பதுதான் குடும்ப அமைப்புக் கோட்பாட்டாளர் மரே போவெனின் வாதம். அப்பாவின் கோபத்துக்கு நடுவிலும் தன் கருத்தை நடுங்காமல் சொல்ல அவளைப் பழக்குங்கள். அவள் ஆங்கிலத்தில் பேசினால் நீங்களும் ஆங்கிலத்தில் பேசுங்கள்.

வங்காளம் மட்டும் தெரிந்தவர் வந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதே விடுதி ஆளோ, அதே கம்பெனி சூப்பர்வைசரோ கூடாது. கேள்விகள் குட்டையாக இருக்கட்டும், வரைபடத் தாளை அதிகம் நம்புங்கள்.

சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கப் பதிவை வாங்கிவைப்பது, மேற்பார்வையாளர் ஒருவரைப் பிடித்துக்கொள்வது, இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும், எந்த உத்தியை எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவைத்தால் மேற்பார்வையில் பேச விஷயம் இருக்கும். நேர்காணல் கேள்விக்கான பதிலும் அந்த வரிகளில்தான் உருவாகும். விண்ணப்பத்தில் "ஞாயிறு மாலை வேலை செய்யச் சம்மதம்" என்றும் சேர்த்துவிடுங்கள். விடுதிக்காரர்களுக்குத் தேக்கா பக்கம் வர வாய்க்கும் பொழுது அநேகமாக அதுதான்.