‘கன்சிடர்ட்’, ‘டீம்ட்’, ‘ட்ரீட்டட் ஆஸ்’: கைப்பேசிக்கு வரும் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்வோம்



கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. ஏதோ அரசு சேவை சம்பந்தப்பட்டது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. விண்ணப்ப எண் புரிகிறது, தேதி புரிகிறது. கடைசியில் ‘ஷல் பி ட்ரீட்டட் ஆஸ் இன்வேலிட்’ என்று முடிகிறது. ‘ட்ரீட்’ என்றால் விருந்து, ‘ட்ரீட்மென்ட்’ என்றால் வைத்தியம். இங்கே எதுக்கு இந்த வார்த்தை? சரி, அப்புறம் பார்த்துக்கலாம்னு கைப்பேசியைக் கீழே வைத்துவிடுகிறோம்.

அந்த ‘அப்புறம்’தான் சிக்கல். அந்த வரி சொல்வது இதுதான்: ‘செல்லாததாக எடுத்துக்கொள்ளப்படும்.’ குறித்த நாளுக்குள் நாம் ஏதாவது செய்யாவிட்டால், செய்த வேலையே செய்யாத கணக்கில் போய்விடும். ஒரு பொருளை அல்லது செயலை ‘இன்னதாகக் கருதுகிறோம்’ என்று சொல்லும் இந்த ஆங்கில வாக்கிய அமைப்பை இன்று பழகிக்கொள்வோம்.

தமிழில் ஏற்கெனவே உள்ளதுதான்

‘தஞ்சாவூர் தமிழ்நாட்டின் நெற்களஞ்சியமாகக் கருதப்படுகிறது.’ இந்த வாக்கியத்தில் யார் கருதுகிறார்கள் என்று இல்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆங்கிலத்தில் இதையே ‘தஞ்சாவூர் இஸ் ரிகார்டட் ஆஸ் தி ரைஸ் பவுல் ஆஃப் தமிழ்நாடு’ என்பார்கள். ‘ரிகார்டட்’ என்றால் ‘கருதப்படுகிற’. ‘ஆஸ்’ என்பது நம்முடைய ‘ஆக’. நெற்களஞ்சியம் + ஆக. அவ்வளவுதான்.

பேச்சில் நாம் ‘கருதப்படுகிறது’ என்று சொல்வதில்லை. ‘அப்படித்தான் எடுத்துப்பாங்க’, ‘வராததா வச்சுக்குவாங்க’ என்போம். ஆங்கிலச் செய்தியைப் படிக்கும்போது இந்தப் பேச்சுத் தமிழிலேயே மனசுக்குள் மாற்றிப் பாருங்கள், சட்டென்று புரியும்.

வார்த்தைக்கு வார்த்தை சின்ன வித்தியாசம்

ரிகார்டட், ட்ரீட்டட்: இந்தப் பொருளில் வரும்போது இவற்றுக்குப் பின்னால் ‘ஆஸ்’ கட்டாயம் வரும். ‘ட்ரீட்டட் ஆஸ் க்ளோஸ்ட்’ என்றால் ‘முடிந்ததாக எடுத்துக்கொள்ளப்படும்’.

கன்சிடர்ட்: இதற்கு ‘ஆஸ்’ தேவையில்லை. ‘கன்சிடர்ட் வேலிட்’ என்றாலே ‘செல்லுபடியாகும் எனக் கருதப்படும்’.

டீம்ட்: இது சட்ட மொழி. உண்மையில் எப்படி இருந்தாலும், சட்டத்தின் கணக்கில் இப்படித்தான் என்று அடித்துச் சொல்லும் வார்த்தை. பின்னால் ‘டு பி’ வந்தால் ‘இன்ன நிலையில் இருப்பதாக’. ‘டு ஹேவ்’ வந்தால் ‘ஏற்கெனவே நடந்துவிட்டதாக’.

பிலீவ்ட், ரிப்போர்ட்டட்: ‘நம்பப்படுகிறது’, ‘சொல்லப்படுகிறது’. இங்கே சொன்னவர் யார் என்றே தெரியாது. ‘புதிய திட்டம் தொடங்கும் என நம்பப்படுகிறது’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது அறிவிப்பு அல்ல. அதை நம்பி ஆதார் எண்ணையும் ஓடிபியையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

சப்போஸ்ட் டு: இது ஒரு ஏமாற்று வார்த்தை. ‘தி ஆபீஸ் இஸ் சப்போஸ்ட் டு ஓப்பன் அட் 10’ என்றால் ‘10 மணிக்குத் திறப்பதாகக் கருதப்படுகிறது’ அல்ல. ‘10 மணிக்குத் திறந்திருக்கணும்’ என்று அர்த்தம்.

அதிகம் பேர் தடுமாறும் இடம்

‘யுவர் அப்ளிகேஷன் வில் பி கன்சிடர்ட்.’

‘யுவர் அப்ளிகேஷன் வில் பி கன்சிடர்ட் கம்ப்ளீட்.’

ஒரே ஒரு வார்த்தைதான் கூடுதல். ஆனால் அர்த்தம் வேறு. முதலாவது, ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்’. இன்னும் எதுவும் முடிவாகவில்லை. இரண்டாவது, ‘உங்கள் விண்ணப்பம் முழுமையானதாகக் கருதப்படும்’. ‘கன்சிடர்ட்’ தனியாக நின்றால் பரிசீலனை. பின்னால் ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால் கருதுதல். முதல் வகைச் செய்தியைப் பார்த்துவிட்டு, வேலை முடிஞ்சிடுச்சுன்னு இருந்துவிடக் கூடாது.

நம் வாழ்க்கையைத் தொடும் நான்கு இடங்கள்

1. வருமான வரி ரிட்டர்ன். ரிட்டர்னை இணையத்தில் தாக்கல் செய்தால் மட்டும் போதாது. அதை இ-வெரிஃபை செய்ய வேண்டும். இதற்கு முன்பு 120 நாள் இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் அது 30 நாளாகக் குறைக்கப்பட்டது. சரிபார்க்காமல் விட்டால் அந்த ரிட்டர்ன் ‘ட்ரீட்டட் ஆஸ் இன்வேலிட்’. அதாவது தாக்கல் செய்ததே கணக்கில் வராது. ஆதாருடன் இணைத்த கைப்பேசி எண் இருந்தால், ஓடிபி மூலம் சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை இது.

2. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. பொதுத் தகவல் அலுவலர் சாதாரணமாக 30 நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? சட்டத்தின் 7(2) பிரிவின்படி அவர் ‘டீம்ட் டு ஹேவ் ரிஃப்யூஸ்ட்’. அதாவது, உங்கள் கோரிக்கையை மறுத்துவிட்டதாகக் கருதப்படுவார். படித்தவுடன் ‘மறுத்துட்டாங்களா!’ என்று மனம் சோர்ந்துவிட வேண்டாம். இது உங்களுக்குச் சாதகமான வாசகம். பதிலே வராமல் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மறுத்ததாக ஆகிவிட்டதால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை வந்துவிடுகிறது.

3. டிஜிலாக்கர். அரசுத் துறைகள் டிஜிலாக்கர் வழியாக வழங்கும் ஆவணங்கள் அசல் ஆவணங்களுக்குச் சமமாகக் கருதப்படும், அதாவது ‘டீம்ட் டு பி அட் பார்’ என்று 2016-ஆம் ஆண்டு டிஜிட்டல் லாக்கர் விதிகளின் 9ஏ விதி சொல்கிறது. ‘இஷ்யூட் டாக்குமெண்ட்ஸ்’ பகுதியில் இருப்பவைதான் இவை. நீங்களே போட்டோ எடுத்து ஏற்றி வைத்த நகலுக்கு இந்தத் தகுதி கிடையாது. இரண்டும் ஒரே செயலிக்குள் இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள்.

4. பதிவுத் தபாலில் வரும் நோட்டீஸ். சட்டம் ஒன்றின்படி தபாலில் அனுப்ப வேண்டிய ஆவணத்தைச் சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினால், வழக்கமாகத் தபால் வந்து சேரும் நேரத்தில் அது சேர்ந்துவிட்டதாகக் கருதப்படும். 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆகவே தபால்காரர் கொண்டுவந்த நோட்டீஸை வாங்காமல் விட்டால் தப்பித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அதே பிரிவில் ‘அன்லெஸ்’ என்று ஒரு வார்த்தையும் இருக்கிறது. ‘மாறாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய’ என்று அர்த்தம். உண்மையிலேயே வந்து சேரவில்லை என்றால் அதை நிரூபிக்க வாய்ப்பு உண்டு. வீடு மாறினால் உடனே முகவரியைப் புதுப்பிப்பது எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

படிக்கும்போது கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எது, எதுவாகக் கருதப்படுகிறது? விண்ணப்பமா, புகாரா, உங்கள் மௌனமா? ‘இஃப் நோ ரிப்ளை’ என்று தொடங்கினால், பதில் சொல்லாமல் இருப்பதற்கே ஒரு அர்த்தம் கொடுக்கப்போகிறார்கள்.

யார் கருதுகிறார்கள்? வாக்கியத்தில் இருக்காது. செய்தியை அனுப்பிய துறை எது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால், செய்தியில் உள்ள லிங்க்கைத் தொடாமல் அந்தத் துறையின் இணையதளத்துக்கு நேரடியாகப் போய்ப் பாருங்கள்.

‘ஷல்’ என்றா, ‘மே’ என்றா? ‘ஷல் பி ட்ரீட்டட்’ என்றால் விதி, அப்படித்தான் நடக்கும். ‘மே பி ட்ரீட்டட்’ என்றால் அப்படியும் எடுத்துக்கொள்ளக்கூடும்.

எந்த நாள் முதல்? ‘வித்தின்’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, கைப்பேசி நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலி கைகொடுக்கும்தான். ஆனால் ‘கன்சிடர்ட்’ போன்ற சொற்களில் அது பரிசீலனையையும் கருதுதலையும் மாற்றிப் போட்டுவிடக்கூடும். அதனால் செயலி சொன்னதோடு நிறுத்தாமல் மூல வரியையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு சிறு பயிற்சி

அ. ‘இஃப் நோ ரிப்ளை இஸ் ரிசீவ்ட் வித்தின் 15 டேஸ், யுவர் கம்ப்ளைண்ட் வில் பி ட்ரீட்டட் ஆஸ் க்ளோஸ்ட்.’

ஆ. ‘யுவர் ரிக்வெஸ்ட் இஸ் பீயிங் கன்சிடர்ட்.’

இ. ‘அப்ளிகேஷன்ஸ் வித்தவுட் போட்டோ வில் நாட் பி கன்சிடர்ட்.’

விடைகள்: அ. 15 நாளுக்குள் பதில் அனுப்பாவிட்டால் உங்கள் புகார் முடிந்ததாக எடுத்துக்கொள்ளப்படும், குறை தீராவிட்டாலும்கூட. உடனே பதில் போடுங்கள். ஆ. கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது, காத்திருங்கள். இ. போட்டோ இல்லாத விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படவே மாட்டாது. அனுப்பும் முன் சரிபாருங்கள்.

மூன்றுக்கும் சரியாக விடை சொல்லிவிட்டீர்களா? அப்படியென்றால் உங்கள் கைப்பேசியில் படிக்காமல் கிடக்கும் பழைய செய்திகளை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டில் அப்பா, அம்மாவின் கைப்பேசியையும் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். நாள் கடக்கும் முன் தெரிந்துகொண்டால், செய்ய வேண்டியதைச் செய்ய இன்னும் நேரம் இருக்கும்.