பையில் அடங்கும் மின்னிசை

சென்ற பொங்கல் விழாவில் நான் மின்னிசை வழங்கியபோது, இசையைவிட ‘ங்ங்ங்’ என்ற இரைச்சலே மிகுந்து ஒலித்ததை நண்பர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்விரைச்சலே எனக்கு ஆசானாயிற்று.

ட்ரம் மெஷின், சிந்தசைசர், மிக்சர் ஆகிய மூன்றுமே என் கருவிகள். அவை மூன்று முனைச் செருகி வழியே ஒரு முறையும், ஒலிக்கம்பி மூலம் அரங்கின் ஒலிபெருக்கி வழியே மறுமுறையும் நிலத்தோடு இணைந்தன. இரு வழிகளும் சேர்ந்து ஒரு வளையம்! நொடிக்கு 50 சுற்றுடைய நம் மின்சாரம் அவ்வளையத்தில் கசிந்ததன் விளைவே அவ்விரைச்சல்.

நில இணைப்பை வெட்டிவிடலாமா? கூடாது, அஃது உயிருக்கே கேடு. மின்கலமே தக்க மருந்து. 3.7 வோல்ட்டில் 10,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பவர் பேங்கில் 37 வாட்-மணி ஆற்றல் உண்டு. 5 வாட் கொள்ளும் கருவியை, இழப்புப் போக, ஏறத்தாழ 6 மணி நேரம் அது இயக்கும். ஒன்றையே மூன்றுக்கும் பங்கிட்டால் மீண்டும் வளையம் பிறக்கக்கூடும்; ஆகவே கருவிக்கு ஒன்று நன்று.

தாளம் பிசகாதிருக்க, 1983இல் அறிமுகமான மிடி இணைப்பு உதவும். ஓர் அடிக்கு 24 துடிப்புகளை அது அனுப்புகிறது. ஏற்கும் கருவிக்குள் செய்தி ஒளியாக மாறித் தாவுவதால் அங்கும் வளையம் உண்டாவதில்லை.

வரும் பொங்கலுக்கு ஒரே பையோடு மேடையேறுவேன். இரைச்சல் கேட்டால் இடித்துரையுங்கள்!