மொறிஸ் மைனருக்கு 286 கேம் பூட்டலாமா?

வாகனம்: கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். 1098 சிசி எஞ்சின். மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு வேலைக்குப் போய்வருவதும், பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவதும் அதில்தான். 90களில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். முந்திய இழுவை இல்லை. டப்பெட் சத்தம் கேட்கிறது; சரிசெய்தால் கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடுகிறது. லண்டனில் இருக்கும் மச்சான் ஆவணியில் வரும்போது ‘286’ ரேசிங் கேம்சாஃப்ட் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். அதைப் பூட்டினால் கார் நன்றாக இழுக்குமா? பெற்றோல் கூடக் குடிக்குமா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: 286 வேண்டாம். அது தரமான சாமான்தான், ஆனால் அது செய்யப்பட்டது வேறு வேலைக்கு. வாசகர் சொல்லும் இரண்டு குறிகளும், அதாவது இழுவை குறைந்ததும் சத்தம் திரும்பத் திரும்ப வருவதும், கம்பனி போட்ட கேம் போதாமல் வருவன அல்ல. அந்தக் கேமும் அதைச் சார்ந்த பாகங்களும் தேய்ந்துபோனால் வருபவை. முதலில் அளந்து பார்க்க வேண்டும். வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.

கிராங்க்சாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம்சாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். அதிலுள்ள எட்டு லோப்புகள் எட்டு வால்வுகளையும் தள்ளித் திறக்கின்றன. எப்போது திறப்பது, எவ்வளவு உயர்த்துவது, எவ்வளவு நேரம் திறந்து வைத்திருப்பது என்ற மூன்றும் லோப்பின் வடிவத்தில் இருக்கின்றன. 1098 சிசி எஞ்சினின் கம்பனிக் கேமில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 பாகை முந்தி இன்லெட் வால்வு திறக்கும்; பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்பி 45 பாகை ஏறியபின் மூடும். மொத்தம் 230 பாகை. 286 என்ற பெயரும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது: வால்வு ஏறத்தாழ 286 பாகைக்குத் திறந்திருக்கும்.

அந்த மேலதிக 56 பாகையில்தான் விஷயம் இருக்கிறது. எஞ்சின் 5000, 6000 என்று சுழலும்போது உள்ளே வரும் கலவைக்கு நல்ல வேகம் இருக்கும். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் அது உள்ளே தள்ளிக்கொண்டே வரும். அப்போது வால்வைப் பிந்தி மூடுவது இலாபம். 2000 சுற்றில் அந்த வேகம் இல்லை. வால்வு திறந்தே இருப்பதால், ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கைக் காபரேற்றர் பக்கமே திருப்பித் தள்ளிவிடும். சிலிண்டர் நிரம்பாது, அமுக்கம் குறையும், இழுவை போய்விடும்.

இனி மானிப்பாய் வீதிக்கு வருவோம். 1098 மைனர் நாலாம் கியரில் ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் சுமார் 26 கிலோமீற்றர் வேகம் போகும். இலங்கையில் கார்களுக்கான வேக எல்லை, குடிமனைப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றர், அதற்கு வெளியே 70. ஆனைக்கோட்டை வழியாக நகரத்துக்குப் போகும் கார் 50இல் போனால் எஞ்சின் 2000 சுற்றைக்கூடத் தொடாது. 70இல் போனாலும் 2700க்குள்தான். இந்த எஞ்சினின் உச்ச இழுவை, சுமார் 81 நியூட்டன் மீற்றர், கிடைப்பது 2500 சுற்றில். வாசகர் நாளாந்தம் ஓட்டும் வேகத்துக்கு நேர் பக்கத்திலேயே கம்பனி அதை வைத்திருக்கிறது. 286 அதை மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். அந்தக் கேம் உயிர்பெறும் 6000 சுற்றை நாலாம் கியரில் எட்ட வேண்டுமானால் கார் 150 கிலோமீற்றரைத் தாண்ட வேண்டும். புதிதாக வந்த காலத்திலேயே மைனரின் உச்ச வேகம் 120ஐ ஒட்டியதுதான்.

பிறகு ஏன் இந்த எஞ்சினுக்கு இத்தனை ரேசிங் கேம்கள்? காரணம் மினி. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் மினியையும் வடிவமைத்தார். இரண்டிலும் இருப்பது 1951இல் ஒஸ்ரின் ஏ30இல் அறிமுகமான அதே ஏ-சீரிஸ் எஞ்சின் குடும்பம். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ராலியை மினி கூப்பர் எஸ் வென்றது. அதிலிருந்து வளர்ந்த ரேசிங் ஆர்வத்துக்காகவே இங்கிலாந்தில் இன்றும் 256, 266, 276, 286 என்று படிப்படியாகக் கேம்கள் செய்து விற்கிறார்கள். ராலி ஓட்டுநர் கியரை மாற்றி மாற்றிச் சுற்றை மேலேயே வைத்திருப்பார். பிள்ளைகளை ரியூசனில் இறக்கப் போகிறவர் அப்படி ஓட்ட மாட்டார், ஓட்டவும் கூடாது.

ஏ-சீரிஸுக்கே உரிய இன்னொரு பிரச்சினையும் உண்டு. நாலு சிலிண்டருக்கு இன்லெட் வழி இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வழியையும், மூன்றும் நாலும் மற்ற வழியையும் பங்குபோடுகின்றன. வால்வுகள் நீண்ட நேரம் திறந்திருந்தால் ஒரு சிலிண்டருக்குப் போக வேண்டிய கலவையைப் பக்கத்துச் சிலிண்டர் இழுத்துவிடும்.

ஸ்லோவில் நிற்பது அடுத்த தொல்லை. இன்லெட்டும் எக்ஸோஸ்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் இடைவெளி கம்பனிக் கேமில் 26 பாகை. 286இல் அது 70ஐ ஒட்டும். மருதடிப் பிள்ளையார் கோயில் திருவிழாச் சன நெரிசலில் நிற்கும்போது கார் குலுங்கும், நின்றும் போகும். எரியாத பெற்றோல் புகைக்குழாயால் வெளியேறும். வருடாந்த வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பரிசோதனை எரியாத ஐதரோகாபனையும் காபனோரொட்சைட்டையும்தான் அளக்கிறது. பெற்றோல் கூடக் குடிக்குமா என்ற கேள்விக்கும் விடை இதுவே: குடிக்கும். 2022 யூலையில் கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலம் யாருக்கும் மறந்திருக்காது.

புதிய ஜப்பான் கார்க்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை. ஹொண்டா 1989இல் கொண்டுவந்த வி-டெக், தாழ்ந்த சுற்றுக்கு ஒரு லோப், உயர்ந்த சுற்றுக்கு இன்னொன்று என்று ஒரே கேம்சாஃப்டில் வைத்தது. டொயோட்டாவின் விவிடி-ஐ, ஓடும்போதே கேமின் நேரத்தை முன்பின் நகர்த்துகிறது. மைனரில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடியும்.

இனி மண்ணெண்ணெய்க் கதை. வாசகர் போகிற போக்கில் சொன்ன இந்த ஒரு வசனம்தான் கேள்வியின் மையம்.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலிலிருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு விட்டுவிடுவார்கள். இங்கிலாந்தில் பெர்குசன் உழவு இயந்திரங்களிலும் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும் வழக்கம் இருந்தது. ஆனால் அந்த எஞ்சின்கள் அதற்கென்றே அமுக்கம் குறைத்துச் செய்யப்பட்டவை. யாழ்ப்பாணத்துக் கார்களுக்கு அந்த வசதி இல்லை. இருந்ததை வைத்து அவற்றை ஓடவைத்து, நோயாளியையும் கர்ப்பிணியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மெக்கானிக்மாரின் திறமைக்கு இந்த ஊர் கடமைப்பட்டிருக்கிறது.

அதற்கான விலையை எஞ்சின்கள் கொடுத்தன. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் இலகுவில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரில் வடிந்து, பிஸ்டன் றிங்குகளைத் தாண்டி, சம்பில் உள்ள ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். விரலில் தொட்டால் பிசுக்கே இருக்காது. அந்த நீர்த்த ஒயிலால் அதிகம் அடிபடும் இடங்களில் ஒன்று கேம் லோப்பும் அதன்மேல் உரசும் டப்பெட்டும். ஒயில் பம்பின் அழுத்தம் அங்கே நேரே போவதில்லை. தெறிக்கும் ஒயில்தான் காவல். வால்வு ஸ்பிரிங்கின் முழுப் பலமும் ஒரு மெல்லிய கோட்டில் வந்து விழும். ஒருமுறை மேல்கடினம் போய்விட்டால், பிறகு நல்ல பெற்றோல் ஊற்றினாலும் தேய்மானம் நிற்காது.

அளக்கும் முறை இது. ரொக்கர் மூடியைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். டப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீற்றர், பழைய கணக்கில் 12 தவ். ஏ-சீரிஸில் ஒன்பது கணக்கு உண்டு: எட்டாம் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாம் வால்வைச் சரிசெய்ய வேண்டும், ஆறு திறந்திருக்கும்போது மூன்றை, ஏழு திறந்திருக்கும்போது இரண்டை. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.

சத்தம் ஏன் திரும்ப வருகிறது என்பதையும் அதே இடத்தில் பார்க்கலாம். ரொக்கரின் நுனி வால்வுத் தண்டில் அடித்து அடித்துச் சிறு குழி விழுந்திருக்கும். பீலர் கேஜ் தட்டையானது. குழியின் இரு கரையிலும் பாலம்போல் கிடந்து, இடைவெளி சரி என்று காட்டிவிடும். உண்மையான இடைவெளி குழிக்குள் இருப்பதால் சத்தம் நிற்காது. டப்பெட்டின் அடி பொரிந்திருந்தாலும் இடைவெளி நாளுக்கு நாள் கூடும். மைனர் எஞ்சினின் பக்கத்தில் இரண்டு சிறு மூடிகள் உண்டு. புஷ் ரொட்டுகளை எடுத்தபின், அந்த மூடிகளைக் கழற்றி டப்பெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம். அடிப்பக்கம் கண்ணாடிபோல் இருந்தால் நல்லது. புள்ளி புள்ளியாகப் பொரிந்தோ கிண்ணம்போல் குழிந்தோ இருந்தால், அதற்கு நேரே உள்ள லோப்பும் போயிருக்கும்.

ஐயம் தீர ஒரு டயல் கேஜ் போதும். அதை வால்வு ஸ்பிரிங் மேல்தட்டில் வைத்து எஞ்சினைச் சுற்றினால் வால்வு எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். நல்ல கேமில், டப்பெட் இடைவெளி போக, ஏழரை மில்லிமீற்றரை ஒட்டி வர வேண்டும்; எட்டும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் அந்தச் சிலிண்டர் பாதி வயிறோடு வேலை செய்கிறது என்று அர்த்தம். கம்ப்ரஷன் சோதனையையும் அன்றே செய்துவிடலாம். டைமிங் செயினையும் பார்க்க வேண்டும். நீண்டுபோன செயின் கேமைப் பிந்தவைக்கும். அதுவும் தாழ்ந்த சுற்றின் இழுவையைத்தான் தின்னும்.

கேம் தேய்ந்திருந்தால் எதைப் போடுவது? நாளாந்தம் ஓடும் 1098 மைனருக்குக் கம்பனி அளவிலேயே புதியது ஒன்று போதும். கொஞ்சம் உற்சாகம் வேண்டுமானால் 256. பெரிய காபரேற்றர், மூன்று கிளை எக்ஸோஸ்ட், எம்ஜி 1100இல் வந்த 12ஜி295 ஹெட் ஆகியவற்றையும் சேர்த்துப் பூட்டும் எண்ணம் இருந்தால் 266 வரை போகலாம். அதற்குமேல் இந்த வீதிகளில் பயன் இல்லை. பழைய லோப்பை வெல்டிங்கால் நிரப்பி லேத்தில் அரைத்துத் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிட வேண்டும். மேல்கடினம் சரியாக வராத லோப் விரைவில் திரும்பவும் தேயும்.

வாங்கும்போது கேமின் பின்நுனியைக் கவனிக்க வேண்டும். ஒயில் பம்பைச் சுற்றுவது அந்த நுனிதான். ஏ-சீரிஸில் அது மூன்று வகை: பின், வெட்டு, நட்சத்திரம். பம்போடு பொருந்தாத வகை வந்தால் லண்டனிலிருந்து சுமந்து வந்ததெல்லாம் வீண். புதுக் கேமோடு புது டப்பெட் எட்டும் கட்டாயம். பழைய டப்பெட் புது லோப்பை வேகமாகத் தின்றுவிடும்.

பூட்டியபின் முதல் இருபது நிமிடங்கள் முக்கியமானவை. லோப்புகளுக்கு அசெம்ப்ளி கிறீஸ் பூசி, காபரேற்றரில் பெற்றோலும் இக்னிஷன் நேரமும் முன்கூட்டியே சரியாக இருக்க, சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆக வேண்டும். உடனே 2000 முதல் 2500 சுற்றில் இருபது நிமிடம் வைத்திருக்க வேண்டும். ஸ்லோவில் விடவே கூடாது. ஒயில் 20டபிள்யூ-50, சிங்க் சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். இன்றைய கார்களுக்கான மெல்லிய ஒயில்களில் இந்தப் பழைய டப்பெட்டுகளுக்குத் தேவையான அளவு சிங்க் இருப்பதில்லை.

286ஐ வாங்க வேண்டாம் என்று மச்சானுக்கு இன்றே சொல்லிவிடுங்கள். அவரது பெட்டியில் எட்டு டப்பெட், ஒரு டைமிங் செயின், கஸ்கற் செற் ஆகியவற்றுக்கு இடம் வைக்கச் சொல்லுங்கள். கேம் வேண்டுமா, எந்தக் கேம் என்பதை டயல் கேஜ் சொல்லட்டும். எட்டு வால்வுகளின் அளவையும், நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனையும், ஒயில் பம்பின் வகையையும் எழுதி அனுப்பினால், என்ன வாங்க வேண்டும் என்று அவர் பயணம் புறப்படுவதற்கு முன்பே இந்தப் பகுதியில் பதில் வரும்.