உடம்பெல்லாம் வலியா? ஆக்சிஜன் அறைக்குப் பணம் கட்டுமுன்



கழுத்து, தோள், இடுப்பு, கால் என்று உடம்பு முழுக்க மாதக் கணக்கில் வலி. இரவெல்லாம் படுத்தாலும் தூங்கின மாதிரியே இராது. ரத்தம் சோதித்தாலும் எக்ஸ்ரே எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. உடனே மண்டோர் முதல் மாமியார் வரை "வேலைக் கள்ளி" என்று பேச ஆரம்பித்து விடுவார்கள். இது கள்ளமல்ல. டாக்டர்கள் இதற்கு 'பைப்ரோமயால்ஜியா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நரம்பும் மூளையும் வலியைப் பெரிதாக்கிக் காட்டும் நோய் இது, பெண்களுக்கே அதிகம்.

இதற்கு 'ஆக்சிஜன் அறை' வைத்தியம் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். மூடிய அறைக்குள் காற்றழுத்தத்தை இரண்டு மடங்காக ஏற்றுவார்கள். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அங்கே முகமூடி வழியாக 100 சதவீதம். கடலில் முக்குளிப்பவர்களுக்கு வரும் அழுத்த நோய், புகை விஷம், சில ஆறாத சர்க்கரைப் புண் இவற்றுக்கு இது ஏற்கப்பட்ட சிகிச்சை. லூமுட் இராணுவ மருத்துவமனையிலேயே இருக்கிறது.

ஆனால் உடம்பு வலிக்கு? இஸ்ரேலில் 60 பெண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2015-இல் வெளிவந்தது. 90 நிமிடம் வீதம், வாரம் 5 நாள், மொத்தம் 40 தடவை. வலி குறைந்தது என்று எழுதினார்கள். பொய்ச் சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நம்பிக்கையே கொஞ்சம் வலியைக் குறைக்கும். வெறும் தைலம் தடவி அனுப்பினாலே "தேவலைங்கய்யா" என்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆகவே இது இன்னும் உறுதியாகவில்லை. 40 நாள் சம்பளத்தையும் கணக்கில் சேருங்கள். சங்கிலியை அடகு வைக்கிற வைத்தியம் இல்லை இது.

பட்டணத்தில் காற்றுப்பை மாதிரி அறை வைத்திருக்கிறார்களே, அதில் அழுத்தம் 1.3 மடங்குதான் இருக்கும். ஆராய்ச்சியில் சொன்னது அதுவல்ல.

ஆபத்தும் உண்டு. காது அடைத்து வலிக்கும், பார்வை சில காலம் மாறலாம், அபூர்வமாக வலிப்பு வரும். நெஞ்சுக்கூட்டில் காற்றுக் கசிவு உள்ளவர்கள் உள்ளே போகவே கூடாது. தீப்பிடிக்கும் என்பதால் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டும் போகக் கூடாது.

முதலில் அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். மூட்டு வீக்கம், காய்ச்சல், உடல் மெலிவு இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். இந்த நோய்தான் என்றால், இரவில் போட அமிட்ரிப்டிலின் மாத்திரை குறைந்த அளவில் எழுதித் தரக்கூடும். கடையில் வலி மாத்திரை வாங்கித் தினம் விழுங்காதீர்கள், வயிறும் சிறுநீரகமும் கெடும். அதைவிட நல்ல மருந்து நடை. 'காடு முழுக்க நடக்கிறோமே, போதாதா?' என்பீர்கள். அது சுமையோடு ஓடும் ஓட்டம். சாயங்காலம் வெறுங்கையோடு லயத்தைச் சுற்றி 10 நிமிடம் நடங்கள். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். வலி ஏறினால் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்திவிட வேண்டாம்.