பௌர்ணமி கரை சேரும் இரவுக்கு

கவுஞ்சி

அன்புள்ள தம்பி,

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு நீ வகுத்திருக்கும் பாய்மரப் பயணத் திட்டத்தை ஒரே மூச்சில் படித்தேன். பொழுது சாயும் முன்பே பாயைக் குறைத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பக்கம் அபாரம். உன் வயதில் இத்தனை நிதானத்தோடு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் முதல் வரியே எனக்கு எரிச்சலூட்டியது: 'மாசிப் பௌர்ணமியன்று புறப்படுகிறோம், வழியெல்லாம் நிலா.'

வழியெல்லாம் எங்கே இருக்கும்? சென்னைத் துறைமுகத்தில் வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம்? புறப்படுகிற இரவுக்கு நிலா தேவையே இல்லை. கடல்வழி ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். 5 நாட் வேகத்தில் போனால் ஐந்தரை நாள். அதற்குள் நிலா தேய்ந்துவிடும். பொழுது சாய்ந்து நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் நிலா எழும். உடம்பு களைத்து, பழக்கமில்லாத கரையை நெருங்கும் முன்னிரவில் உனக்குக் கிடைப்பது கும்மிருட்டு.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் நிலாவின் வட்டப் படத்தை மட்டும் போட்டிருக்கிறாய். எப்போது எழும், எப்போது மறையும் என்ற நேரம் எங்கே? பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டே சொல்லும் கணக்கு இது. வளர்பிறையில் திதி ஒன்றுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், பொழுது சாய்ந்த பின்னும் நிலா வானில் நிற்கும். அஷ்டமி நிலா நள்ளிரவை ஒட்டி மறையும். தேய்பிறையில் அதே அளவு தாமதமாக எழும். இந்தக் கணக்கு இருந்தால்தான் யாருக்கு எந்தக் காவல் முறை என்று ஒழுங்காகப் பிரிக்க முடியும். நிலவிருந்தால் சூறைக்காற்று மேகத்தின் கரிய விளிம்பு தூரத்திலேயே தெரியும். இருட்டில் குளிர்காற்று முகத்தில் அடித்த பிறகுதான் தெரியும்.

தூத்துக்குடித் தோணியில் நான் இளவட்டமாக இருந்தபோது மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போவோம். 'என்றைக்குப் புறப்படுகிறோம்?' என்று நாங்கள் கேட்டால், 'எந்தப் பிறையில் போய்ச் சேருகிறோம் என்று கேளுடா' என்பார் தோணித் தலைவரான தண்டல். அந்தத் தீவுகளில் மலையும் இல்லை, மேடும் இல்லை. பவளப்பாறையில் அலை உடையும் வெண்கோடுதான் அடையாளம். நிலவில் அது கண்ணுக்குத் தெரியும். இருட்டில் காதுக்குத்தான் எட்டும், அப்போது காலம் கடந்திருக்கும். நான் படித்த மாலுமிக் கல்வி அந்த ஒரு கேள்விதான்.

நீண்ட பயணத்தில் எல்லா இரவுக்கும் நிலவைப் பொருத்த முடியாது. மாலுமி அபிலாஷ் டோமி 2012-13இல் பாய்மரப் படகில் எங்கும் நிற்காமல் தனியாக 151 நாளில் உலகைச் சுற்றினார். வழியில் ஐந்து பௌர்ணமிகள். 2013 ஜனவரி 26இல் கேப் ஹார்னைக் கடந்தார். மறுநாள் தைப்பூசம். நான் இருக்கும் இந்த மலையின் அடிவாரத்தில், பழனியில், காவடிகள் திரண்ட நாள். நமக்கு உச்சிக்கு ஏறும் அந்த நிலா, தெற்கே அவ்வளவு தொலைவில் கோடைக்காலக் குறுகிய இரவில் அடிவானத்துக்குச் சற்று மேலேயே நகர்ந்து போகும். எனவே எந்தப் பிறை என்பது மட்டும் போதாது. எந்த அட்சரேகை, எந்த மாதம் என்பதையும் சேர்த்துப் பார்.

வளர்பிறை சஷ்டியில் புறப்படு. ஏகாதசி, துவாதசியில் போய்ச் சேருவாய். காற்று படுத்து மூன்று நாள் தாமதமானாலும் பௌர்ணமி காத்திருக்கும். ஆனால் வானிலை சரியில்லை என்றால் நிலவுக்காகக் கிளம்பாதே. மேகம் மூடினால் எந்த நிலவும் உதவாது. கவுஞ்சியில் மூடுபனி இறங்கும் இரவுகளில் பார்க்கிறேனே. விளக்கையும் காவலையும் ஒருநாளும் குறைக்காதே.

உன் திட்டம் நல்ல திட்டம். தேதியை மட்டும் மாற்றி, நிலா எழும் மறையும் நேரங்களைச் சேர்த்து எனக்கு மறுபடி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்