கையெழுத்துப் போட்டவர்கள் மாறிப் போன பிறகும்

'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று அரசு ஊழியரை மிரட்டும் வசனத்துக்கு இன்றும் ராமநாதபுரம் மாவட்டம்தான் முகவரி. இந்த மண்ணுக்கு அது செய்யும் அவமதிப்பு ஒருபுறம் இருக்கட்டும். கலந்தாய்வு வந்தால் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் கேட்பவர்கள் இங்கே அதிகம் என்பது நடைமுறை. இந்த மாவட்டத்தின் வாலிநோக்கம் போன்ற கடலோர ஊரில், தொண்டு நிறுவனத்தின் சார்பில் பள்ளியோடோ கல்லூரியோடோ புரிந்துணர்வு ஒப்பந்தம் போடப் போகும் ஒருங்கிணைப்பாளர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதைத்தான். இன்று உங்களோடு உற்சாகமாகத் திட்டம் பேசும் தலைமை ஆசிரியர் அடுத்த ஜூனில் வேறு பள்ளியில் இருக்கலாம். நீங்களும் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். உங்கள் இருவரையும் பார்த்தே இராத இரண்டு பேர் படித்துவிட்டு வேலையைத் தொடரும்படி ஒப்பந்தத்தை எழுதுங்கள்.

யார் கையெழுத்துப் போடலாம் என்பதில் தொடங்குவோம். அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியரின் சம்மதம் மட்டும் போதாது. முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகத் துறையின் அனுமதி வேண்டும். 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர், சைதாப்பேட்டை அரசுப் பள்ளிகளில் வெளியார் ஒருவர் நிகழ்த்திய ஆன்மிகச் சொற்பொழிவு மாநிலம் முழுக்கக் கொந்தளிப்பை உண்டாக்கியது. அதன் பிறகு எந்த அதிகாரியும் வாய்மொழி அனுமதியில் திருப்தி அடைய மாட்டார். அடையவும் கூடாது. உங்கள் பக்கத்திலும் இதே ஒழுங்கு தேவை: அறக்கட்டளையா, சங்கமா, பிரிவு 8 நிறுவனமா, பதிவு எண் என்ன, இன்னாரைக் கையெழுத்திட அனுமதிக்கும் தீர்மானம் எங்கே? இந்த நகல்களைக் கேட்கும் முன்னே நீட்டுங்கள். ஒப்பந்தத்தில் ஆள் பெயரோடு பதவியையும் எழுதுங்கள். பெயர் போய்விடும், பதவி இருக்கும்.

குழந்தைகளோடு பழகப் போகிற ஒவ்வொருவரின் பின்னணியையும் சரிபார்ப்பது யார் பொறுப்பு என்பதற்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள். அதே 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்த 'என்.சி.சி. முகாம்' போலி என்பதும், அங்கே மாணவி பாலியல் கொடுமைக்கு ஆளானதும் வெளிவந்தன. தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தகவல் தெரிந்த எவரும் புகார் செய்தாக வேண்டும். தனக்குக் கீழே இருப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. எனவே 'குழந்தைப் பாதுகாப்பை உறுதிசெய்வோம்' என்ற பொதுவான வரியை நம்பி இருக்காதீர்கள். போலீஸ் சரிபார்ப்புச் சான்று யாரிடம் இருக்கும், மாணவிகளோடு வெளியூர் போனால் எந்த ஆசிரியை கூட வருவார், புகார் வந்தால் எந்தப் பதவியில் இருப்பவர் அன்றே காவல் நிலையத்துக்குச் சொல்வார் என்று எழுதுங்கள். படம் எடுக்கவும் விவரம் சேகரிக்கவும் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வாங்குங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது.

பணம். உங்கள் நிதி வெளிநாட்டிலிருந்து வருகிறதென்றால் கவனம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த நன்கொடையை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. 'தொண்டு நிறுவனம் கல்லூரியின் கணக்குக்கு இவ்வளவு தொகை அனுப்பும்' என்ற ஒரே வரி உங்கள் பதிவையே ஆட்டிவிடும். செலவை நீங்களே செய்ய வேண்டும், பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், வரைவை ஆடிட்டர் பார்த்திருக்க வேண்டும். கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணமென்றால், உங்கள் நிறுவனத்துக்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவு அவசியம். 2021 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. அந்தப் பணத்தில் வாங்கிய கணினியோ ஆய்வகமோ கம்பெனியின் சொத்தாக இருக்க முடியாது. அப்படியானால் யாருடையது, பழுதானால் யார் பார்ப்பார், திட்டம் முடிந்தால் எங்கே இருக்கும்? இதை எழுதாமல் விட்ட இடங்களில்தான் பூட்டிய அறைக்குள் கணினிகள் தூசி படிகின்றன.

இனி, பெரும்பாலான வரைவுகளில் ஒரு வரிகூட இல்லாத விஷயம்: ஊரின் காலண்டர். சென்னையில் அடித்த மாதிரிப் படிவத்தில் 'மாதம் ஒரு பெற்றோர் கூட்டம்' என்று இருக்கும். வாலிநோக்கத்தில் அது எந்த மாதம், எந்த நேரம்? மாரியூர்–வாலிநோக்கம் உப்பளங்கள் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் தளம். வெயில் ஏறும் முன்பே பாத்தியில் இறங்கும் வேலை அது. காலைக் கூட்டத்துக்கு அங்கிருந்து யாரும் வர முடியாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. உப்பு வேலை நிற்கும், அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிற மாதங்கள் அவை. பெற்றோர் கையில் நேரம் இருக்கும், காசு இருக்காது. அப்போது கூட்டம் வைக்கலாம். பங்குத் தொகை கேட்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அதோடு சேர்ந்து வருகிறது. கோடைப் பயிற்சிக்கு அப்பாக்களையும் அழைக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. ரம்ஜான் மாதத்தையும் வெள்ளிக்கிழமை மதியத்தையும் ஏர்வாடி சந்தனக்கூட்டையும் தேர்வு நாட்களையும் குறித்து, இணைப்பு ஒன்றாகச் சேருங்கள். அதைத் தயாரிக்கப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் போங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். உங்களை விட அவர்களுக்கு இந்த ஊரின் நேரம் தெரியும்.

ஊரில் தன்னார்வலர் எடுக்கிறீர்களா? ஊக்கத்தொகையை, கொடுக்கும் தேதியோடு எழுதுங்கள். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதைவிடக் குறைத்துக் கொடுக்க உங்களுக்கு முகம் இருக்காது.

கல்லூரிகளுக்கு வேறொரு நெருக்கடி. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில், செயல்பாட்டில் உள்ள ஒப்பந்தங்களின் எண்ணிக்கை கேட்கப்படுகிறது. அதனால் பல இடங்களில் போட்டோவுக்காகவே கையெழுத்து நடக்கிறது. கோபப்பட வேண்டாம், அந்தத் தேவையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். என்.எஸ்.எஸ். மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. எந்தத் துறை, எத்தனை மாணவர், எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதுங்கள். பதிலுக்கு, ஆண்டு முடிவில் வருகைப் பதிவோடு அறிக்கை தருவதாக ஒப்புக்கொள்ளுங்கள். இருவருக்கும் வேலை ஆகும்.

ஒப்பந்தக் காலம் மூன்று ஆண்டு போதும். விலகுவதென்றால் கல்வியாண்டின் நடுவில் விலகக் கூடாது, மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும் என்று சேருங்கள். ஆங்கிலத்தில் போட்டாலும் தமிழ்ப் பிரதி ஒன்று கட்டாயம். அதில் ஒரு நகல் மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்கட்டும். புதிய தலைமை ஆசிரியர் பொறுப்பேற்றால், அவர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் முதல் வாரமே கோப்போடு போய் உட்காருங்கள்.