சிடி-யைக் கவ்வ வைக்கும் முன்

தம்பி, வீட்டு மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஈஎஸ்பி32-ல் அளக்கப் போகிறாயாமே, ரொம்ப சந்தோஷம். கோடு எழுத உட்காருமுன் சிடி-யை (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரை) எப்படி வைப்பது என்று கேட்டுக்கொள்.

எஸ்சிடி-013-000 மாடலில், ஒயரில் 100 ஆம்பியர் ஓடினால் 50 மில்லிஆம்பியர் வெளியே வரும். அந்தக் கரண்டுக்குப் போக வழி இல்லையென்றால் சிடி வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். தொட்டால் ஷாக் அடிக்கும், சுருளின் இன்சுலேஷனும் கெடும். உள்ளே பாதுகாப்பு டயோடு இருந்தாலும் அதை மட்டும் நம்பாதே. அந்த வழியைத் தரும் பர்டன் ரெசிஸ்டரை போர்டில் வைக்காமல், ஜாக்குக்கு முந்தியே சிடி ஒயரில் சால்டர் பண்ணிவிடு. அப்போது யாராவது ஜாக்கைப் பிடுங்கினாலும் பயமில்லை. மாட்டும்போது பர்டன் முதலில், கிளாம்ப் கடைசியில். கழற்றும்போது கிளாம்பைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

எத்தனை ஓம்? எல்லோரும் 100 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டு 22 ஓம் போடுவார்கள். உன் 1 எச்பி மோட்டார் ஓடும்போது 5 ஆம்பியர் இழுத்தால், அந்த சிக்னல் ஏடிசி-யில் ஓர் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். ஸ்டார்ட்டிங்கில் 30 ஆம்பியர் வரை போகும் என்று வை. அதன் உச்சம் சிடி-யின் வெளியே 21.2 மில்லிஆம்பியர். 68 ஓம் போட்டால் 1.44 வோல்ட் உச்சம். நடுப்புள்ளி 1.65 வோல்ட் என்றால் சிக்னல் 0.21-லிருந்து 3.09 வரை ஆடும். ஈஎஸ்பி32-ன் ஏடிசி இரு முனைகளிலும் சரியாகப் படிக்காது. இந்த இடைவெளி அதற்கும் உதவும்.

நடுப்புள்ளிக்கு 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டு 10கே ரெசிஸ்டர், நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். சிடி-யின் ஒரு முனை அங்கே போகும். மறுமுனை 1கே ரெசிஸ்டர் வழியாக ஈஎஸ்பி32-ன் ஏடிசி பின்னுக்கு. அந்த 1கே-யைத் தாண்டி ஒரு பிஏடி54எஸ் டயோடு ஜோடி, கூடவே கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட். எங்காவது ஷார்ட்டாகி 100 ஆம்பியர் பாய்ந்தால் பர்டனில் 4.8 வோல்ட் எழும். அப்போது டயோடு மிச்சத்தைத் திருப்பிவிடும், 1கே கரண்டை 3 மில்லிஆம்பியருக்குள் அடக்கிவிடும். இந்த இரண்டையும் காசு மிச்சம் பண்ணலாமென்று விட்டுவிடாதே.

பின் 34 எடுத்துக்கொள். வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் வேலைக்காகாது. 200 மில்லிசெகண்ட் படித்து, சராசரியைக் கழித்துவிட்டு ஆர்எம்எஸ் போடு. அதில் சரியாகப் பத்து சைக்கிள் அடங்கும்.

எம்சிபி-யை இறக்கிவிட்டு ஃபேஸ் ஒயரை மட்டும் கவ்வ வை. நியூட்ரலையும் சேர்த்தால் பூஜ்யம்தான் காட்டும். கிளாம்பின் வாய் முகத்தில் தூசி இருந்தாலும் ரீடிங் குறையும், துடைத்துவிடு. பிறகு 1000 வாட் இஸ்திரிப்பெட்டியை ஓடவிட்டு, எலக்ட்ரீஷியன் அண்ணனின் டாங் டெஸ்டரோடு ஒப்பிட்டுப் பார். 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியருக்கு அருகே வர வேண்டும்.